மணி அடித்தால் நிறுத்து!

நர்ஸ் சிஸ்டர்கள் நமக்குப் புதுசில்லை. நம்மில் நிறைய பேர் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தான். வெள்ளை அங்கி, தலையில் முக்காடு, கையில் ஊசியை வைத்துக்கொண்டே 'ஒண்ணும் வலிக்காதுப்பா' என்கிற பொய்... எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த சிஸ்டர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரிடம் உத்தரவு வாங்கி உங்கள் கட்டில் பக்கம் வந்தார், பாதிப் பேச்சில் ஏன் போய்விட்டார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

யோசிக்க வைக்கிற படம் ஒன்று இருக்கிறது. 1959-ல் வந்த 'தி நன்ஸ் ஸ்டோரி'. இயக்கியவர் ஃப்ரெட் ஜின்னமான். சிஸ்டராக ஆட்ரி ஹெப்பர்ன். பெயரைக் கேட்டதும் 'ரோமன் ஹாலிடே' ஸ்கூட்டர் மனசில் ஓடினால், தயவுசெய்து அதை ஓரமாக நிறுத்திவிட்டு வாருங்கள். இதில் அவருடைய முகமும் கைகளும்தான் தெரியும். மற்றதெல்லாம் துணி.

கேப்ரியல், பெல்ஜியத்தில் ஒரு பெரிய சர்ஜனின் மகள். காங்கோவில் நர்ஸாக வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. அங்கே போக அவள் பிடித்த வழி கன்னியர் மடம். (கான்வென்ட் என்றால் நமக்கு எல்.கே.ஜி. அட்மிஷன்தான் ஞாபகம் வரும் என்பதால் மடம் என்றே எழுதுகிறேன்.) அங்கே அவள் சிஸ்டர் லூக் ஆகிறாள்.

மடத்தில் முதல் பாடமே மணிதான். மணி அடித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட வேண்டும். பேசிக்கொண்டிருந்தால், அந்த வார்த்தையைக்கூட முடிக்கக் கூடாது. கடவுள் கூப்பிடுகிறார், 'இதோ ஒரு நிமிஷம்' என்றா சொல்வீர்கள்? இரவில் பெரிய மௌனம். பகலில் தன் குற்றங்களைத் தானே ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டுச் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவன் என்பதால் அந்த நோட்டு என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. பற்று மட்டுமே எழுதுகிற பேரேடு. வரவுப் பக்கமே கிடையாது. எந்தக் கணக்குப்பிள்ளை டேலி செய்வான்?

ஆன்ட்வெர்ப்பில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. லூக் கெட்டிக்காரி. அதுவே வினையாகிறது. சக சிஸ்டர் ஒருவர் மனம் நோகிறார் என்பதற்காக, பணிவைக் காட்ட பரீட்சையில் ஃபெயில் ஆகிவிடேன் என்று யோசனை சொல்கிறார் மதர். தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் தவிக்கிற அந்தச் சில விநாடிகளில் எந்த வில்லனும் இல்லை, கத்தியும் இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பதில் சொல்லிவிடுகிறாள். 80 பேரில் 4-வதாகத் தேறுகிறாள். உடனே காங்கோவா? இல்லை, மனநோயாளிகள் விடுதி. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நமக்கே புரிகிறது.

கடைசியில் காங்கோ. அங்கேயும் ஒரு சறுக்கல். ஆப்பிரிக்கர்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தவளை வெள்ளைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள். கூட வேலை பார்க்கிறவர் டாக்டர் ஃபோர்ச்சுனாட்டி (பீட்டர் ஃபின்ச்). கடவுள் நம்பிக்கை இல்லாத, சிடுசிடு சர்ஜன். ஆகா, இரண்டு பேருக்கும் காதல் வரும் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள், வராது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறார் டாக்டர். நீ நல்ல நர்ஸ். ஆனால், மடம் எதிர்பார்க்கிற சிஸ்டராக நீ ஒருநாளும் ஆகப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விசுவாசமா சந்தேகமா என்ற சண்டை இல்லை இது. நர்ஸின் நேரம் யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை. ராத்திரி ஷிஃப்டில் ஒரு நோயாளி மனசு விட்டுப் பேச ஆரம்பிக்கிறான். அது மௌன நேரம். கேட்டால் விதியை மீறினாள், நகர்ந்தால் அவனைக் கைவிட்டாள். மனிதன் பேசத் துடிக்கிற நேரத்தில் கடவுளின் ஆட்கள் ஏன் ஊமையாக வேண்டும் என்று பிற்பாடு மதர் எம்மானுவேலிடமே கேட்டுவிடுகிறாள். நீ வந்தது சிஸ்டராக, நர்ஸாக அல்ல என்கிறார் மதர். இந்த மதரைக் கொடுமைக்காரியாகக் காட்டியிருந்தால் படம் சுலபமாக முடிந்திருக்கும். ஈடித் எவன்ஸ் அவரை அன்பானவராக நடித்துவிட்டார். அதனால்தான் வலிக்கிறது.

மடத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, பாருங்கள். காங்கோவில் ஓய்வில்லாமல் உழைத்த லூக்குக்கு காசநோய் வருகிறது. 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஒரு மணி எல்லா நர்ஸுக்கும் வேண்டியிருக்கிறது. இந்தப் படத்தின் மணி வேறு காரணத்துக்காக அடிக்கிறது என்பதுதான் சிக்கல்.

இனி என் புகார். சிஸ்டரின் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் இவ்வளவு அக்கறையாகக் கணக்கு வைக்கிற படம், காங்கோக்காரர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறது? சிரிக்கிறார்கள், துடுப்புப் போடுகிறார்கள், அவள் வரும்போது ஓடி வருகிறார்கள். மந்திரவாதியின் பேச்சைக் கேட்டு ஒருவன் ஒரு சிஸ்டரைக் கொன்றுவிடுகிறான். லூக்கின் உதவியாளனாக இருக்கிற காங்கோ இளைஞன், ஏன் உதவியாளனாகவே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை, ஃபோர்ச்சுனாட்டிகூட. நிஜக் கணக்கைச் சொல்கிறேன். படம் வந்த அடுத்த வருஷம், 1960 ஜூன் 30-ல் காங்கோ விடுதலை அடைந்தது. அன்றைக்கு அந்த நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற காங்கோ டாக்டர் ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை மிஷன் இருந்தும், அத்தனை ஆஸ்பத்திரி இருந்தும்! இவ்வளவுக்கும் அந்தக் காட்சிகளை ஸ்டேன்லிவில்லுக்கே (இன்றைய கிசங்கானி) போய் எடுத்தார்கள். கேமரா அங்கே போனது, கேள்வி போகவில்லை.

கடைசிக் காட்சியை மட்டும் ஜின்னமான் காலில் விழுந்து பாராட்டுவேன். உலகப் போர். ஜெர்மானியர்கள் அவள் அப்பாவைச் சுட்டுக் கொல்கிறார்கள். மன்னிக்க முடியவில்லை. மடத்தை விட்டு வெளியேறுகிறாள். சாதாரண உடை, கையில் பெட்டி. கதவு திறக்கிறது, தெருவில் நடந்து போகிறாள். பின்னணி இசை இல்லை. சந்தோஷ இசை போட்டால் மடத்தை விட்டதற்குக் கைதட்டுகிற மாதிரி ஆகும், சோக இசை போட்டால் வேறு மாதிரி ஆகும் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார் மனுஷன். 8 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் ஒன்றுகூட வாங்கவில்லை இந்தப் படம்.

தெருவில் இறங்கியவள் என்ன ஆனாள்? கேத்ரின் ஹ்யூம் 1956-ல் எழுதிய நாவல்தான் படமானது. அதற்கு மூலம் நிஜமான ஒரு பெண், மரி லூயீஸ் ஹாபெத்ஸ். பெல்ஜியத்துக்காரர், காங்கோவில் நர்ஸாக இருந்தவர். போர் முடிந்ததும் ஜெர்மனியில் அகதிகள் முகாமில் வேலை பார்த்தபோதுதான் ஹ்யூமுக்கு அறிமுகம். பிறகு அமெரிக்கா போனார், அங்கேயும் நர்ஸ் வேலைதான். 1959-ல் 'தி அன்ஃபர்கிவன்' படப்பிடிப்பில் ஆட்ரி ஹெப்பர்ன் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இந்த ஹாபெத்ஸ்தான்.