பட்டறைக்குப் புரியும் பென்ஸ், புரியாத பென்ஸ்

பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவரிடம் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில், "இப்ப வர்ற காரெல்லாம் தகரம் சார், இது இரும்பு!" விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலும் இந்த ரசனைக்கு ஆள் உண்டு. புதுச் சின்னக் காரின் விலைக்கே பதினைந்து, இருபது வருடம் ஓடிய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ கிடைக்கும்போது சபலம் வரத்தான் செய்யும். அது நல்ல முடிவா, வீண் செலவா என்பதை வண்டியின் வயதை வைத்தோ முகப்புச் சின்னத்தை வைத்தோ சொல்லிவிட முடியாது. உள்ளூர்ப் பட்டறைக்கு அந்த வண்டி புரிகிறதா என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

ஜெர்மன் எஞ்சின் இந்த ஊர்களுக்குப் புதியதல்ல. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் லாரிகளை நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே ஏராளம். டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸுடன் கூட்டு வைத்து லாரி செய்தது. மூன்று முனை நட்சத்திரத்தோடு ஓடிய அவற்றை ஊரார் 'டாடா பென்ஸ்' என்றார்கள். டீசல் பம்ப் என்றால் பழைய மெக்கானிக்குகள் வாயில் வரும் பெயர் 'மைக்கோ'. பாஷ் நிறுவனத்தின் துணையோடு 1951இல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி அது. பஜாஜ் டெம்போவோ 1980களில் டைம்லர் பென்ஸின் ஓஎம்616 டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கி டிராக்ஸிலும் டிராவலரிலும் பொருத்தியது. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும் ஆள் ஏற்றிப்போன வேன்களில் உறுமியது, பென்ஸ் 240டி காரில் இருந்த அதே 2.4 லிட்டர் எஞ்சின் வகைதான்.

பழைய ஜெர்மன் காரை உள்ளூரிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்ற பிரியர்களின் வாதம் இந்த 240டி விஷயத்தில் முழுக்க எடுபடுகிறது. 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் கார்கள் வெளிவந்த டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது அது. எஞ்சினை நடத்தக் கம்ப்யூட்டர் கிடையாது. குளோ பிளக் சூடேறி ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் எஞ்சினுக்கு மின்சாரமே தேவையில்லை. சாவியைத் திருப்பினால் வாக்யூம் டீசலை அடைத்து நிறுத்தும். நடுவழியில் ஆல்டர்னேட்டர் போனாலும் பகல் வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்துவிடலாம். புகை கறுத்தால் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணலாம். பம்பை இறக்கி பெஞ்சில் ஏற்றி அளவு பார்க்கலாம். லாரி பம்பு பார்த்துப் பழகிய கைக்கு இது தெரிந்த வேலை. எஞ்சின் உட்பாகங்கள் பலவற்றுக்கு டிராக்ஸ் பார்ட்ஸ் கடையிலேயே மாற்று தேடலாம்.

ஆனால் 'இரும்பு' என்ற பெருமை தவறான இடத்தில் வைக்கப்பட்டது. பென்ஸின் பாதுகாப்புக்கு அடிப்படை பேலா பாரென்யி என்ற பொறியாளரின் யோசனை: மோதும்போது வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் அறை மட்டும் நசுங்கக் கூடாது. 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது விற்பனைக் காரில் வந்தது. நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்குவதுதான் அந்தக் காரின் கெட்டிக்காரத்தனம். அதே பாடத்தை இன்றைய கார்கள் இன்னும் நன்றாகப் படித்திருக்கின்றன. வேகத்திலும் 240டி சுமார்தான். பிற்கால மாடலிலேயே 72 குதிரைத்திறன். செஞ்சி சாலையில் கரும்பு லாரியை முந்த நினைப்பவர் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. 1995இல் புனேயில் தயாராகத் தொடங்கிய டபிள்யூ124 பென்ஸ், உடல் கட்டில் இன்றும் அசத்தும். ஆனால் 1990களின் முற்பகுதியில் அந்த வரிசையின் பல பெட்ரோல் எஞ்சின்களுக்குப் போட்ட வயரிங்கின் மேலுறை, எஞ்சின் சூட்டில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரக்கூடியது. வயரைத் தொட்டு வளைத்தாலே பிளாஸ்டிக் கையோடு வரும். கம்பியும் கம்பியும் உரசினால் எஞ்சின் இருமும், அணையும். கோளாறு எங்கே என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பிந்தைய பி.எம்.டபிள்யூக்களில் ரேடியேட்டர் தொட்டியும் தண்ணீர்க் குழாய் இணைப்புகளும் பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் ஒன்று விரிசல் விட்டு, அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் வரை செலவு இழுக்கும். எலக்ட்ரானிக் பாகத்தை மாற்றினால் காருக்கு அதை அறிமுகப்படுத்தவே தனி ஸ்கேனரும் கோடிங்கும் வேண்டும். பி.எம்.டபிள்யூ ஆலை 2007 முதல் இதே சென்னை–திருச்சி சாலையில் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் இருக்கிறது. அதற்காகத் திண்டிவனத்துப் பட்டறைக்கு அந்த ஸ்கேனர் வந்துவிடாது. வண்டியைச் சென்னைக்குக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

இங்கேதான் பலருடைய கணக்கு தப்புகிறது. கார் பழைய விலைக்கு வருகிறது, பார்ட்ஸ் புது விலைக்கு வருகிறது. சென்னை புதுப்பேட்டையில் அலைந்து பழைய பாகம் வாங்கினால் பணம் மிச்சம். அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அரசின் கட்டணமும் ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். இறக்குமதிக் காராக இருந்தால் 80,000. பட்டறைக்கு நன்றாகப் புரியும் 240டி இறக்குமதியாகவே வந்தது என்பதால், பெரிய தொகை அதன் தலையில்தான் விழுகிறது. ஐம்பது வயது தாண்டினால் விண்டேஜ் பதிவு கேட்கலாம். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ரேலிக்கும் எடுத்துப் போகலாம், தினசரி ஓட்ட முடியாது. பெட்ரோல் வண்டிக்காரருக்கு எத்தனால் கவலையும் சேர்ந்திருக்கிறது: பங்க்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் கால ரப்பர் குழாய்களும் சீல்களும் செய்யப்படவில்லை.

ஒரு காரை நாற்பது வருடம் ஓட்டினால் புதுக் கார்கள் செய்யத் தேவைப்படும் இரும்பும் மின்சாரமும் மிச்சம் என்பது பழைய கார் பிரியர்களின் இன்னொரு வாதம். மாதத்தில் சில நாள் எடுத்து ஓட்டுபவருக்கு அது பொருந்தும். தினமும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓட்டுபவர் சொன்னால் பொருந்தாது. 2020இல் பி.எஸ்.6 வந்தபிறகு டீசல் கார்களில் புகைத்தூளை வடிகட்டிப் பிடிக்கிறார்கள். 240டிக்கு அப்படி எதுவும் இல்லை. உரிமையாளரின் ரசனைக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் மூச்சால் விலை கொடுக்கக் கூடாது.

ஆகவே, கம்ப்யூட்டருக்கு முந்திய டீசல் பென்ஸை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொண்டு, அளவாக ஓட்டி, பட்டறையில் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கு இது அர்த்தமுள்ள ரசனை. பதினைந்து வருடப் பி.எம்.டபிள்யூவை ஒரே வண்டியாக வாங்கிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக நினைப்பவருக்கு அது சின்னத்துக்குக் கட்டும் வட்டி. வாங்கும் முன் புரோக்கரிடம் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, உங்கள் ஊர் மெக்கானிக்கை அழைத்துப்போய் பானெட்டைத் திறந்து காட்டுங்கள். "இதை நானே பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுங்கள். யோசித்தார் என்றால் விட்டுவிடுங்கள்.