காரும் ஒரு பாக்ஸ்தான்: சப்வூஃபர் தேர்வு பற்றி ஒரு மதிப்பீடு

காரில் சப்வூஃபர் பொருத்த விரும்புகிறவர் கடையில் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச்?" அடுத்தது, "எத்தனை வாட்ஸ்?" பெரும்பாலான விற்பனை இந்த இரண்டு எண்களிலேயே முடிந்துவிடுகிறது. பேஸ் எப்படிக் கேட்கும் என்பதை இவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: வூஃபரை அடைக்கும் பாக்ஸ், அந்தப் பாக்ஸ் போய் உட்காரும் கார். மாருதி ஸ்விஃப்ட் அளவுள்ள ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டு, சந்தையில் உள்ள மூன்று வகைகளையும் (மூடிய பாக்ஸ், போர்ட் பாக்ஸ், சீட்டுக்கு அடியில் வைப்பது) இந்த அளவுகோலால் எடைபோடலாம்.

முதலில் அந்த இரண்டு எண்களின் உண்மையான பெறுமதி என்ன? அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 'மேக்ஸ்' வாட்ஸ். அதை ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்எம்எஸ் அளவைத்தான் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் என்றால் சிஇஏ-2006 தரப்படி சொல்லப்பட்ட எண்ணை நம்பலாம், 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் அளக்கப்படுவது அது. வாட்ஸை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்கானதாகக் காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. 250 வாட்ஸுக்கும் 350 வாட்ஸுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அதற்காகக் கூடுதல் பணம் தருவது வீண்.

இன்ச் கணக்கில் கொஞ்சம் பொருள் உண்டு. பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. 80 ஹெர்ட்ஸில் கிடைத்த அதே சத்தம் 40 ஹெர்ட்ஸில் வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 8 இன்ச் கூம்பின் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர், 10 இன்ச் சுமார் 340, 12 இன்ச் சுமார் 500. கூம்பின் அசைவு சமம் என்று வைத்துக்கொண்டால் பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போவதில் கிடைப்பது மூன்று டெசிபலுக்குச் சற்று மேல். அந்த ஆதாயத்துக்கு டிக்கியில் எவ்வளவு இடத்தைக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கார். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். ஹேட்ச்பேக்கின் உட்புற நீளமோ இரண்டரை முதல் மூன்று மீட்டர். அலையில் பாதிகூட உள்ளே அடங்காத நிலையில், ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, வூஃபர் கேபினில் உள்ள காற்று முழுவதையும் ஒன்றாக அழுத்தித் தளர்த்துகிறது. அதிர்வெண் கீழிறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. காற்றுக் கசியாத விறைப்பான அறையில் இந்த ஏற்றம் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல். கதவும் தகடும் நெகிழும் உண்மையான காரில் அதைவிடக் குறைவு. ஆனாலும் வீட்டு ஹாலில் கிடைக்காத பெரிய உதவி.

இந்த உதவியோடு கச்சிதமாகப் பொருந்துவது மூடிய பாக்ஸ். 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் காட்டிய வழி இது: உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்ப்ரிங் ஆகிறது. மூடிய பாக்ஸின் ஒலி தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சரிகிறது. கார் ஏற்றுகிறது, பாக்ஸ் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்து காதுக்குச் சமமான பேஸ் கிடைக்கிறது. பத்து இன்ச்சுக்கு 18 முதல் 23 லிட்டர் போதும். 2018 ஸ்விஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர். பாக்ஸ் போக பைகளுக்கும் இடம் மிஞ்சும்.

போர்ட் வைத்த பாக்ஸின் தத்துவம் வேறு. பாட்டில் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போல, குழாயிலுள்ள காற்றும் பாக்ஸிலுள்ள காற்றும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்திசைந்து ஒலிக்கின்றன. அந்த இடத்தையொட்டி 3 டெசிபலோ அதற்கு மேலோ லாபம், அதாவது பாதி வாட்ஸில் அதே சத்தம். இது உண்மையான பலம். ஆனால் அதற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் விழுகிறது. கூம்பைப் பிடித்து நிறுத்தவும் காற்று இல்லை. மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் வூஃபர் கிழியலாம். 12 இன்ச்சுக்கு 50 முதல் 65 லிட்டர் வேண்டும். தீல், ஸ்மால் இருவரும் வகுத்த அளவைகளான எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் ஆகியவற்றைக் கொண்டு அந்த வூஃபருக்கென்றே கணக்கிட்டுச் செய்ய வேண்டும். எந்த வூஃபருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ரெடிமேட் போர்ட் பாக்ஸில் அந்தக் கணக்கு இல்லை.

இதன் விளைவு பாடலில் தெரியும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. தனி மெட்டாகவே நடக்கிறது. கணக்குத் தவறிய போர்ட் பாக்ஸ் ஒரு ஸ்வரத்தை முழக்கி, அடுத்ததை விழுங்கிவிடும். எல்லாம் ஒரே 'தொம்' ஆகிவிட்டால் இசையமைப்பாளரின் உழைப்பு கேட்பவரை எட்டுவதில்லை.

மூன்றாவது, சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப் உள்ளடங்கிய தட்டையான சப்வூஃபர். ஹாஃப்மன் வகுத்த இரும்பு விதி இங்கே தப்பாமல் வேலை செய்கிறது: சிறிய பாக்ஸ், ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். 8 இன்ச் கூம்பு, குறைந்த அசைவு, நூறு வாட்ஸை ஒட்டிய ஆம்ப். அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கதவு ஸ்பீக்கர்கள் விட்டுவிடும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இது நிரப்பும். அந்தப் பணியில் இது நேர்மையான கருவி.

எதைத் தேர்ந்தாலும், சரியாக அமைக்காவிட்டால் பயனில்லை. சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையான கட்-ஆஃப் 80 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கட்டும். 100ஐத் தாண்டினால் பேஸ் பின்னாலிருந்து வருவது காதுக்குத் தெரிந்துவிடும். ஃபேஸ் ஸ்விட்சை மாற்றிக் கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் கனமாகக் கேட்கும் நிலையை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். பாக்ஸை இறுகக் கட்டுங்கள். விபத்தில் கட்டாத பாக்ஸ் முன்னால் பாயும்.

ஆகவே தீர்ப்பு இது. டிக்கி கேபினோடு சேர்ந்தே இருக்கும் ஹேட்ச்பேக்கில், உள்ளே அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு 10 இன்ச் மூடிய பாக்ஸும் 250 முதல் 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்பும்தான் சிறந்த தேர்வு. செயல்திறன் மிகுந்த ஆம்ப் என்றால் முழுச் சத்தத்தில்கூட அது சுமார் 27 ஆம்பியர்தான் இழுக்கும். சராசரியில் மிகக் குறைவு. போர்ட் பாக்ஸின் சிக்கனம் இந்த அளவில் தேவைப்படவே இல்லை. சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்திருந்தால், சீட்டுக்கு அடியில் வைப்பதைத் தயங்காமல் வாங்கலாம். பின் சீட்டு ஒலியை மறைக்கும் செடானிலும், சத்தமே குறிக்கோளாக உள்ளவருக்கும் போர்ட் பாக்ஸ் தகும். அதுவும் அந்த வூஃபருக்கென்று செய்தால் மட்டுமே. கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பாக்ஸ்?" அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள்.