சென்டர் ஃபார்வர்டும் கடத்தப்பட்ட இயக்குநரும்

வட கொரியாவில் 1978-இல் 'சென்டர் ஃபார்வர்ட்' என்ற கால்பந்துப் படம் வெளியானது. கறுப்பு வெள்ளை, ஒன்றேகால் மணி நேரம். புதிதாக அணிக்கு வரும் முன்கள வீரன் முதல் ஆட்டத்திலேயே சொதப்ப, அணி தோற்கிறது. பயிற்சியாளர் பயிற்சியைக் கடுமையாக்குகிறார். அணிக்குள் முணுமுணுப்பு எழுகிறது. நடனக் கலைஞரான சகோதரி உடல் நோகப் பயிற்சி எடுப்பதைப் பார்த்து அவனுக்கு ரோஷம் வருகிறது. இதற்கு மேல் கதை எங்கே போகும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். இந்தப் படத்தில் தோல்விக்கு ஒரே காரணம்தான்: சிந்திய வியர்வை போதவில்லை. எதிரணி என்ன வியூகம் வகுத்தது என்ற கேள்விக்கு இங்கே பெரிய இடமில்லை.

இதே நாட்டின் நிஜ வீரர்கள் 1966 உலகக் கோப்பையில் ஆடியதைப் பாருங்கள். மிடில்ஸ்ப்ரோவில் பாக் டூ-இக் அடித்த ஒற்றை கோலால் இத்தாலி வீட்டுக்குப் போனது. அடுத்து லிவர்பூலில் போர்ச்சுகலுடன் காலிறுதி. முதல் 25 நிமிடங்களில் 3-0 என்று முன்னிலை. பிறகு போர்ச்சுகலின் யூசேபியோ எழுந்தார், தனியாளாக நான்கு கோல் போட்டார், ஆட்டம் 5-3 என முடிந்தது. கொரியர்கள் அன்று உழைப்பில் குறை வைக்கவில்லை. எதிரில் ஒரு மேதை நின்றார், அவ்வளவுதான். கால்பந்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அரசு ஸ்டுடியோவில் எழுதப்படும் திரைக்கதைக்கு அந்த மாதிரித் தோல்வியைத் தாங்கும் தெம்பு கிடையாது.

2012-இல் வந்த 'காம்ரேட் கிம் கோஸ் ஃப்ளையிங்' படத்தின் கதையும் 'சென்டர் ஃபார்வர்ட்' போன அதே தடத்தில்தான் ஓடுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பெண் சர்க்கஸில் ஊஞ்சல் வித்தை செய்ய ஆசைப்படுகிறாள். பெல்ஜியம், பிரிட்டன் படக்காரர்களும் சேர்ந்து எடுத்தது. நாயகி ஹான் ஜோங்-சிம் நிஜத்திலேயே சர்க்கஸ் கலைஞர். தேர்ந்த ஒருவர், வித்தை தெரியாதவராக உயரத்தைக் கண்டு நடுங்கிக் காட்ட வேண்டும். அவருக்கு வானில் பறப்பதைவிட அதுதான் கடினமான வேலை. வசனம் பேசும்போது பாடப்புத்தகம் போலிருக்கும் படம், அவர் ஊஞ்சலைப் பிடித்ததும் மூச்சு விடத் தொடங்குகிறது. கையை எந்த நொடியில் விடுவது என்பதை எந்தக் கட்சிக் கமிட்டியும் அவருக்குச் சொல்லித்தர முடியாது.

தன் நாட்டுப் படங்களின் நோய், பின்னாளில் வட கொரியாவை ஆண்ட கிம் ஜோங்-இல்லுக்கே தெரிந்திருந்தது. 1973-இல் சினிமாக் கலை பற்றி நூல் எழுதியவர், வெளிநாட்டுப் படங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர். நம் படங்களில் எப்போது பார்த்தாலும் அழுகைதானா என்று அவர் அலுத்துக்கொண்டது, ரகசியமாக எடுக்கப்பட்ட ஒலிப்பதிவில் இருக்கிறது. அதற்கு அவர் கண்ட மருந்துதான் கொடுமை. 1978-இல் தென் கொரிய நடிகை சோய் உன்-ஹீ ஹாங்காங்கிலிருந்து கடத்தப்பட்டார். அவரைத் தேடிப் போன முன்னாள் கணவர், இயக்குநர் ஷின் சாங்-ஓக்கும் அதே ஆண்டு சிக்கினார். தப்ப முயன்ற ஷின்னுக்குச் சிறை. 1983-இல்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த ஒலிப்பதிவைச் செய்தது அவர்கள்தான்.

அதன் பிறகு கிம்முக்காகப் படமெடுக்கத் தொடங்கிய ஷின்னுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒரு படத்தின் உச்சக் காட்சிக்கு ரயில் வெடிக்க வேண்டும். நிஜ ரயிலையே கேட்டுப் பார்த்தார், கொடுத்துவிட்டார்கள். ஒரே டேக், மறுவாய்ப்பு கிடையாது. இரும்பு தின்னும் அரக்கனின் கதையான 'புல்கசாரி'க்கு, காட்ஸில்லா படங்களில் வேலை செய்த ஜப்பானியக் குழுவே பியோங்யாங்குக்கு வந்தது. ரயிலும் படைவீரர்களும் பணமும் வைத்திருந்த அரசிடம், தானே முடிவெடுக்கும் இயக்குநர் ஒருவர் இல்லாமல் போனார். அப்படி ஒருவர் உருவாக அது விட்டதுமில்லை.

ஷின் அங்கே எடுத்த படங்களில் நான் முதலிடம் தருவது 'உப்பு'க்கு. 1930-களில் மஞ்சூரியாவில் வறுமையில் உழலும் தாயாக சோய் நடித்தார். பசியைக் காட்ட அவர் கத்தவில்லை. தோள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே போகிறார். 1985 மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. மறுஆண்டு மார்ச்சில், வியன்னாவுக்குப் போன இடத்தில் இருவரும் காவலர்களை ஏமாற்றிவிட்டு அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள்.

சோயின் அந்த விருதை நான் மனமார மதிக்கிறேன். அதை வட கொரிய சினிமாவின் கணக்கில் சேர்க்க மட்டும் ஒப்பமாட்டேன். அந்த நடிப்பு சியோலில் விளைந்தது. 1961-இல் ஷின் இயக்கிய படத்தில், விருந்தாளியிடம் மனம் சாய்ந்தும் வாய்விட்டுச் சொல்ல முடியாத இளம் விதவையாக சோய் ஏற்கெனவே தன்னை நிரூபித்துவிட்டார். சியோலிலும் ஆட்சியாளர்கள் ஷின்னின் ஸ்டுடியோ உரிமத்தைப் பறித்தது உண்மைதான். ஆனாலும் அங்கே ஷின்னும் சோயும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடிந்தது, தாங்களே தேர்ந்தெடுத்த கதையில் நடிக்க முடிந்தது. பியோங்யாங் அவர்களைப் பிடித்துவந்து எட்டு ஆண்டு வைத்திருந்தது, அந்தத் திறமையைத் தன் சட்டகத்துக்குள் ஆடவைத்தது.