மரத்தோப்புக்கு முதல் மினி டிராக்டர்

மினி டிராக்டர் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் 15 முதல் 30 ஹெச்.பி. வரையிலான வண்டிகள். எடை 600 கிலோவில் தொடங்கி 1,100 கிலோவைத் தொடும். அகலம் ஒரு மீட்டரை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். மரங்களுக்கு நடுவே நுழைந்து புல்லையும் புதரையும் அழிப்பது, எருவும் விறகும் தேங்காயும் ஏற்றிய சிறு டிரெய்லரை இழுப்பது, மருந்து தெளிப்பான் ஓட்டுவது ஆகியவையே இவற்றின் வேலை. சென்னைப் புறநகரில் சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ வீடும், மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர் பக்கம் சில ஏக்கர் தோப்புமாக இருப்பவர்களுக்கு முதல் டிராக்டராகப் பொருந்துவது இந்த வகைதான். ஷோரூமில் பேச்சு முழுக்க ஹெச்.பி.யைச் சுற்றியே நடக்கும். தோப்பிலோ மர இடைவெளி, கிளை உயரம், தரை, பின்னால் மாட்டும் கருவி, ஓட்டப்போகும் ஆள் என்ற ஐந்தும் ஹெச்.பி.யை விட முக்கியம்.

வண்டி பார்க்கக் கிளம்புமுன் டேப்புடன் தோப்பைச் சுற்றி வருவது நல்லது. தென்னைக்கு வேளாண் துறை சொல்லும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. மரத்தைச் சுற்றி 6 அடி வரை வேர்ப்பகுதி என்பதால் அதற்குள் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை விடக் கூடாது. இரு பக்கமும் 6 அடி விட்டாலும் நடுவில் 13 அடி கிடைக்கும். அதில் 45 ஹெச்.பி. டிராக்டரே தாராளமாகப் போகும். ஊடுபயிரோ சொட்டுநீர்க் குழாயோ வாய்க்காலோ குறுக்கிடும்போதுதான் அங்கே சின்ன வண்டியின் அருமை தெரியும். தேக்குத் தோப்பின் கணக்கு வேறு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்ட தேக்கில், மரத்தின் பருமன் போகச் சுமார் ஐந்தரை அடிதான் மிஞ்சும். 4 அடி ரொட்டவேட்டர் மாட்டினால் ஒரு பக்கத்துக்கு முக்கால் அடி இடைவெளி. ஓட்டுபவரின் கை சற்றே பிசகினாலும் பட்டை உரியும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நடும் சவுக்குக்குள் டிராக்டர் பாதுகாப்பாக நுழைய இடமிருக்காது; அங்கே வண்டிக்கு வேலை நடவுக்கு முந்தைய உழவும் வெட்டிய பின் கட்டை இழுப்பதும்தான். வரிசை முடியும் இடத்தில் வேலிக்கும் கடைசி மரத்துக்கும் இடையே வண்டி ஒரே மூச்சில் திரும்புமா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு முறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும்.

பழைய மாந்தோப்பிலும் முந்திரித் தோப்பிலும் சிக்கல் தலைக்கு மேலே இருக்கிறது. முந்திரிக் கிளை இடுப்பளவிலேயே படர்ந்து கிடக்கும். இத்தகைய இடங்களுக்கு, எஞ்சின் மூடிக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கும் சைலன்சர் உள்ள வண்டி பொருந்தாது. புகைக்குழாய் பக்கவாட்டில் தாழ்ந்து போகும் பழத்தோட்ட மாடலைத்தான் கேட்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் எல்லா இந்திய மினி டிராக்டர்களிலும் வருவதில்லை. வருகிற மாடலில் அது மடியும் தன்மையுடன் இருப்பது தோப்புக்கு வசதி. ஆனால் மடித்துவிட்ட சட்டம் யாரையும் காப்பாற்றாது. தாழ்ந்த கிளையைக் கடந்ததும் நிமிர்த்திப் பூட்டி, சீட் பெல்ட்டையும் போட வேண்டும். சட்டம் மடிந்திருக்கும்போது மட்டும் பெல்ட் போடக் கூடாது.

அடுத்தது தரை. பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர் குன்றுகள் சார்னோகைட் பாறையால் ஆனவை. அவற்றை ஒட்டிய மேட்டு நிலம் செம்மண் சரளை, இடையிடையே புதைந்த கல். செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப் பாசன நிலமோ களிமண். வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் களிமண்ணில் இருசக்கர இழுவை வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டிக்கொள்ளும். இந்த மண்ணுக்கு நாற்சக்கர இழுவை கட்டாயம் வேண்டும். 15 ஹெச்.பி. இருசக்கர இழுவை வண்டியைக் குறைந்த விலைக்காக எடுப்பவர், வேலை அதிகம் இருக்கும் மூன்று மாதமும் அதை ஷெட்டில் நிறுத்தி வைக்க நேரும். தார்ச் சாலையில் போகும்போது முன்சக்கர இழுவையைத் துண்டித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயரும் பல்சக்கரமும் வீணாகத் தேயும்.

வேலியோரமெல்லாம் மண்டியிருக்கும் சீமைக் கருவேல முள் தோப்பு டிராக்டருக்குப் பெரிய எதிரி. காய்ந்த முள் முன்டயரைச் சுலபமாகக் குத்தும். டயரின் அடுக்கு எண்ணிக்கையைக் கேட்டு, கிடைப்பதில் கனமானதை எடுப்பது நல்லது. பின்டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை கூடி வழுக்கல் குறையும். ஆனால் பஞ்சர் ஒட்டும்போது அந்தத் தண்ணீரை முழுக்க இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பின்சக்கரத்தின் விட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குபோட்டா நியோஸ்டார் ஏ211என் வண்டியின் பின்சக்கரம் 18 அங்குல ரிம், மஹிந்திரா ஜீவோ 245-இன் பின்சக்கரம் 24 அங்குல ரிம். சின்னச் சக்கரம் வண்டியைத் தாழ்த்திக் கிளைக்கடியில் நுழைய விடும். பெரிய சக்கரம் வெட்டிய அடிக்கட்டையையும் வரப்பையும் சுலபமாகத் தாண்டும். கிளைதான் தொல்லையா, கட்டைதான் தொல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்யலாம்.

வண்டிக்கடியில் குனிந்தும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். டீசல் குழாயோ ஹைட்ராலிக் குழாயோ மூடியில்லாமல் தொங்கினால், நிமிர்ந்து நிற்கும் ஒரு வேர்க்கட்டை போதும், அன்றைய வேலை முடிந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே உருவ முடிகிறதா என்பதும் முக்கியம். சவுக்குச் சருகும் புல் விதையும் அரை நாளில் அந்த வலையை அடைத்து எஞ்சினைச் சூடாக்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஹெச்.பி. கணக்கு. விளம்பரத்தில் வரும் எண் எஞ்சினுடையது. ரொட்டவேட்டருக்கும் புதர் வெட்டும் ஸ்லாஷருக்கும் போய்ச் சேருவது, பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டின் சக்தி. அது எப்போதும் குறைவு. 24 ஹெச்.பி. ஜீவோ 245-க்கு நிறுவனம் சொல்லும் பிடிஓ சக்தி 22 ஹெச்.பி. வேறு சில வண்டிகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும். தூக்கும் திறனும் அப்படித்தான். விஎஸ்டி எம்டி 180டி வண்டிக்கு 500 கிலோ, ஜீவோ 245-க்கும் குபோட்டா பி2441-க்கும் 750 கிலோ, ஜான் டீர் 3028இஎன் வண்டிக்கு 910 கிலோ என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவு இணைப்புக் கம்பியின் நுனியில் எடுக்கப்பட்டது. கருவியின் எடை பின்னால் தள்ளிப் போகப் போகத் தூக்கும் அளவு குறையும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இயங்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பிடிஓ சக்தி, இழுவை, தூக்கும் திறன், ஓட்டுநர் காதில் விழும் இரைச்சல் எல்லாம் அதில் இருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையை விற்பனையாளரிடமே கேட்டு வாங்கிப் படிப்பது, பத்து விளம்பரப் படங்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

தோப்பில் வண்டி முன்னும் பின்னுமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே முன்–பின் மாற்றும் ஷட்டில் லீவர் இருந்தால் தோள்வலி பாதி குறையும். 2023 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா அறிமுகப்படுத்திய ஓஜா வரிசை இந்த வசதியோடும் நாற்சக்கர இழுவையோடும் வருகிறது. அதன் வடிவமைப்பில் ஜப்பானின் மிட்சுபிஷி மஹிந்திரா நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் சக்கரத்தோடு பிடிஓவும் நின்றுவிடும். அடர்ந்த புதரில் ஸ்லாஷர் திணறும்போது வண்டியை நிறுத்திக் கத்தியை மட்டும் சுழலவிட முடியாமல் போவது பெருந்தொல்லை. இரட்டை கிளட்சோ தனி பிடிஓ கிளட்சோ உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாம்.

ஷோரூமில் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. வாங்கப்போகும் ரொட்டவேட்டரையே மாட்டச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரே ஆள் மாட்ட வேண்டும். முதலில் இடது கீழ்க்கம்பியைக் கருவியின் முளையில் கோத்து ஊசி போடுவார். அடுத்து வலது கம்பி. அதன் உயரத்தைத் திருகிச் சரிசெய்து கோப்பார். கடைசியில் மேல்கம்பி. பிறகு பிடிஓ தண்டைச் செருகிப் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார். இதற்குள் இரண்டு பேர் உதவிக்கு ஓடி வந்தால், தோப்பிலும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் வேண்டியிருக்கும். மாட்டிய கருவியை உயரத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே கருவி கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது. கருவியைத் தூக்கியபடி ஓட்டும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் வழுக்கினால் முன்னால் எடைக்கட்டி மாட்டியாக வேண்டும். அதன் விலையையும் அப்போதே பேசிவிடலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இந்த வட்டாரத்துத் தோப்புக்காரருக்கு விழுந்த மரத்தை அகற்றும் வேலை எந்த ஆண்டும் வரலாம். மினி டிராக்டரில் மிக ஆபத்தான வேலையும் அதுதான். சங்கிலியைப் பின் அச்சிலோ மேல்கம்பி மாட்டும் இடத்திலோ கட்டி இழுத்தால், கட்டை அசையாதபோது வண்டியின் முன்பக்கம் எழும்பும். முழுக்கப் பின்னால் கவிழ ஏறக்குறைய ஒன்றரை நொடிதான் ஆகும். அதற்குள் கிளட்சை மிதிக்க யாராலும் முடியாது. வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும். மரத்தைத் துண்டு போட்டு இழுக்க வேண்டும். வேரோடு பிடுங்கும் வேலைக்கு ஜேசிபியை வாடகைக்கு அழைப்பதுதான் முறை. பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழலும். வேட்டியோ துண்டோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் உதறிக்கொள்ள நேரமே கிடையாது. தண்டின் பிளாஸ்டிக் உறை இல்லாமல் கருவியை வாங்கவே கூடாது. இருக்கும் உறையைக் கழற்றி எறியவும் கூடாது.

வாரக் கடைசியில் மட்டும் தோப்புக்குப் போகும் உரிமையாளர் ஒன்றை நினைவில் வைத்திருப்பது நல்லது: வண்டியைப் பெரும்பாலும் ஓட்டப்போவது தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். அவரையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய், அவர் உயரத்துக்குக் கிளட்சும் பிரேக்கும் எட்டுகின்றனவா, பிடிஓ லீவர் கைக்கு வருகிறதா என்று உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். டெலிவரி அன்று பயிற்சியும் அவருக்கே தரப்பட வேண்டும். சும்மா நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும், பேட்டரி இறங்கும், டேங்கில் ஈரம் சேரும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் போடுவதும் டேங்கில் டீசலை நிரப்பி நிறுத்துவதும் கடைசி இரண்டு தொல்லைகளையும் குறைக்கும். எந்த பிராண்ட் என்ற கேள்விக்கும் தோப்பிலிருந்தே விடை தேட வேண்டும். அங்கிருந்து அரை மணி தூரத்தில் மெக்கானிக்கும் வடிகட்டியும் பெல்ட்டும் கிடைக்கும் பிராண்ட், சென்னையில் பளபளக்கும் ஷோரூம் வைத்திருக்கும் பிராண்டைவிட மேல்.

விலை மாடலைப் பொறுத்துச் சுமார் 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை போகிறது; கருவிகளுக்குத் தனிச் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்புக்கு உட்பட்ட மானியம் உண்டு. தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பொறியியல் துறை கவனிக்கிறது. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே வாங்குதல் என்பதுதான் வரிசை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதை ஓடும் மணிக்கணக்கை வைத்துப் பார்க்கலாம். வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 60 மணி வேலைக்கு 72,000 ரூபாய். சொந்த வண்டிக்கு மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 13,800 ரூபாய். சர்வீஸ், காப்பீடு 20,000 ரூபாய். மிச்சம் ஏறக்குறைய 38,000 ரூபாய்தான். ஓட்டுபவர் கூலியைச் சேர்க்காமலே, 6 லட்சம் போட்ட பணம் திரும்ப 15 ஆண்டுக்கு மேலாகும். அதே வண்டி 200 மணி ஓடி, பராமரிப்புக்கு 30,000 ரூபாய் ஆனாலும் நாலு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். இரண்டு ஏக்கருக்கும் குறைவான தோப்புக்குப் புதர் வெட்டும் பிரஷ் கட்டரும் களையெடுக்கும் பவர் வீடருமே போதும். பெரிய வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை இ-வாடகை செயலியில் முன்பதிவு செய்யலாம். தோப்பு ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்து, மழை விட்டு மண் பதமாக இருக்கும் அந்த நாலு நாளில் வாடகை வண்டி கிடைக்காமல் ஒவ்வொரு ஆண்டும் களை முந்திக்கொள்கிறது என்றால், சொந்தமாக ஒன்று வாங்கும் நேரம் வந்துவிட்டது. 50 மணி ஓடியதும் வரும் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும். புது எஞ்சினில் உதிரும் இரும்புத் துகள் முழுக்க அந்த முதல் எண்ணெயில்தான் இருக்கும்.