‘மந்தரின்கள்’ காட்டும் போரும் காட்டாத போரும்

சோவியத்து ஒன்றியம் 1991இற் கலைந்தபின் அதன் விளிம்புகளில் மூண்ட போர்களுள் அப்காசியப் போரும் ஒன்று. 1992 ஆகஸ்டிலே தொடங்கி, 1993 செப்டெம்பரிற் சுகுமி நகரின் வீழ்ச்சியோடு முடிவுற்ற அப்போரைப் பொருளாகக் கொண்டது ‘மந்தரின்கள்’ (2013) என்னும் திரைப்படம். நெறியாளர் சாசா உருசாட்சே ஜோர்ஜியர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கதை மிகச் சிறிது. உருசியப் பேரரசுக் காலத்தில் அப்காசியாவிற் குடியேறிய எஸ்தோனியரின் வழிவந்தோர் தாயகத்துக்குப் போய்விட, ஊரிலே எஞ்சியோர் மிகச் சிலர். மார்கசின் தோட்டத்தில் மந்தரின் தோடம்பழங்கள் பறிப்பாரின்றிக் கனிந்து கிடக்கின்றன. தச்சராகிய இவோ அவற்றுக்குப் பெட்டி செய்கின்றார். அண்மையில் நிகழ்ந்த சண்டையிற் காயமுற்ற இருவரை அவர் தம் வீட்டிற் கிடத்துகின்றார். ஒருவன் கூலிக்குப் போரிட வந்த செச்சேனியன் அகமது. மற்றவன் ஜோர்ஜியன் நிக்கோ. தோழனை இழந்து பழிவாங்கத் துடிக்கும் அகமது, இவ்வீட்டினுட் கொல்லேன் என வாக்களிக்கின்றான்.

படத்தின் உயிர்நிலை இவ்வாக்கேயாம். இவோ அறவுரை கூறுகின்றாரில்லை; உணவிடுகின்றார், தேநீர் கொடுக்கின்றார், வேண்டியவிடத்து அதட்டுகின்றார். கொல்லாமைக்கு முதற் காரணம் அன்பன்று; விருந்தினன் வீட்டுக்காரருக்குக் கொடுத்த சொல். மனமாற்றத்தை மலிவாக விற்கும் படங்கள் பல. இஃது அவற்றுட் சேராது. அப்காசிய வீரர் வந்தபோது நிக்கோவைப் பேச்சிழந்த செச்சேனியனாக இவோ காட்ட, அகமது மறுக்காதிருக்கின்றான். அம்மௌனம் பல வசனங்களுக்கு மேலானது. பின்னொருநாள் வந்த வீரர் அகமதுவையே ஜோர்ஜியனென ஐயுற்றுச் சுடமுனைய, நிக்கோ அவனைக் காத்துத் தான் மடிகின்றான். அவனை இவோ அடக்குவது ஜோர்ஜியராற் கொல்லப்பட்ட தம் மகனின் புதைகுழிக்கு அருகிலேயாம்.

ஆயினும், இவ்வீட்டின் சுவர்கள் மறைப்பனவும் உள. இப்போரால் 200,000க்கு மேற்பட்ட ஜோர்ஜியர் அப்காசியாவை விட்டகன்று ஏதிலிகளாயினர். அவருட் பெரும்பாலார் இன்றுவரை மீளவில்லை. அவருள் ஒரு குடும்பந்தானும் திரையிற் காணப்படவில்லை. பெண்ணோ, இவோவின் பேர்த்தியின் நிழற்படத்திலன்றி வேறெங்கும் இல்லை. துப்பாக்கி ஏந்திய ஆடவரின் துயரை இத்துணை நுணுகிக் கண்டவர், அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஓடியவளின் துயரைக் காணாமை பெருங்குறையே. அகமதுவும் நிக்கோவும் அவ்வூருக்கு அந்நியர். அந்நியர் இருவர் ஒரு கூரையின்கீழ் இணங்குதல் கூடும். அண்டைவீட்டான் அண்டைவீட்டானைத் துரத்திய ஊர்களில் இவோ போன்ற ஒருவர் யாது செய்திருப்பார் என்னும் கடினமான வினாவைப் படம் தொடவேயில்லை.

நிக்கோவின் ஒலிநாடாவைக் கேட்டவாறு அகமது தன் ஊர்நோக்கிச் செல்லப் படம் முடிகின்றது. 1994 டிசெம்பரில் உருசியப் படை செச்சேனியாவுட் புகுந்ததை நெறியாளர் சொல்லாது விட்டார். அதனை அறிந்தவர்க்கு அப்பாதை வீடுசேரும் பாதையாகத் தோன்றாது.