விருது வாங்கிய கதைப்புத்தகம் எந்தத் தட்டில்?

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல். பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலை அவர்களுக்கே புரியும்படி பேசுவது. பத்து வயதுப் பெண் ஒருத்தி இதை யாரும் எடுத்துக் கொடுக்காமல் தானே கண்டெடுக்க வேண்டுமென்றால் பொது நூலகம்தான் வழி. அந்த வழி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒன்றுபோல இல்லை.

இத்தனைக்கும் இரண்டு இடத்து நூலகங்களுக்கும் ஒரே மனிதரின் கை பட்டிருக்கிறது. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன்தான் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஆலோசனை சொன்னவர்.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. புத்தகங்களைப் பெரும்பாலும் பொது நூலக இயக்ககம் மொத்தமாக வாங்கி, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று பிரித்து அனுப்புகிறது. இயக்ககத்தின் கொள்முதல் ஆணையில் ஒரு நூல் இடம்பெற்றால் கடைக்கோடி ஊருக்கும் போய்ச் சேரும். இது பெரிய பலம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? சிறுவர் நூல்கள் பல ஐம்பது அறுபது பக்கம்தான், நடுவில் பின் அடித்தவை. முதுகு இல்லாததால் தட்டில் நிறுத்தினால் பெயரே தெரியாது. தடித்த போட்டித் தேர்வு நூல்களுக்கிடையே அழுந்திவிடும். விருதுக்கு முன்பே வாங்கிய பிரதி என்றால் அட்டையில் விருதுக் குறிப்பும் இராது. அது மறுபதிப்பில்தான் வரும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் செயற்கை மரத்தடியில் அமர்ந்து படிக்கலாம். அந்த வசதி எல்லாக் கிளைகளுக்கும் வாய்க்காது. விருது நூல்களுக்கென்று ஒரு தனித் தட்டு வைக்க மரம் எதுவும் தேவையில்லை.

இலங்கையில் நூலகம் உள்ளூராட்சிக்குச் சொந்தம்: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. சபை ஒதுக்கும் பணமும் நூலகரின் தெரிவும்தான் அடுக்கைத் தீர்மானிக்கின்றன. உள்ளூர் எழுத்தாளரின் நூல் சட்டென்று உள்ளே வந்துவிடுகிறது என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். எழுத்தாளரே கைக்காசு போட்டு அச்சிடுவது அங்கே வழக்கமானதால், இந்த நெருக்கம் முக்கியமானது. குறையும் இங்கேதான். மட்டக்களப்பில் அச்சான சிறுவர் கதை வவுனியாவுக்கு வர யாராவது பையில் எடுத்து வர வேண்டியிருக்கிறது. அரச சாகித்திய விருது, மாகாண விருதுகள் என்று பரிசுகளும் பிரிந்து கிடப்பதால், சிறுவர் இலக்கியத்தில் இதுவரை பரிசு பெற்றவை எவை என்று ஒரே இடத்தில் பார்ப்பது கடினம். இந்தியாவில் பால சாகித்ய புரஸ்கார் 2010இல் தொடங்கியது; தமிழுக்கு ஆண்டுக்கு ஒன்று. மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' முதல் கீழடியைக் கதையாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' வழியாக இன்றுவரை, முழுப் பட்டியலும் ஒரு தாளில் அடங்கிவிடும்.

எரிந்து மீண்ட யாழ் நூலகத்தின் கதை தெரிந்தவர்களுக்கு, ஒரு சிறுவர் பகுதி எவ்வளவு அருமையானது என்று சொல்லத் தேவையில்லை. 1967இல் அங்கே திறந்த சிறுவர் பகுதியும் 1981 தீயில் போனது. ஆகவே அலமாரி இருந்தும் நூல் கண்ணில் படாமல் கிடப்பதை என்னால் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காலம் இரு பக்கமும் தோதாகவே இருக்கிறது. இலங்கையில் செப்டெம்பர் இலக்கிய மாதம், ஒக்டோபர் வாசிப்பு மாதம். இந்தியாவில் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த நாட்களில் உங்கள் ஊர் நூலகத்துக்குப் பிள்ளையோடு போங்கள். விருது நூல்களின் பெயர்களை எழுதி நூலகரிடம் கொடுங்கள். இருப்பவற்றை அட்டை தெரிய முன்தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாதவற்றை வாங்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.