ஈரத் திரி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது மேற்கே மலை கூடவே வரும். சாரல் காலத்தில் காற்று நனைந்திருக்கும். சித்திரையில் உதடு வெடிக்கும். ஆனால் நூற்பாலைக்குள் அந்த வேறுபாடு தெரியக் கூடாது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு, இவ்வூரில் நூலுக்காகக் காற்றைப் பதப்படுத்துவதும் ஒரு தொழிலாயிற்று.

அந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த கருவி, சுவரில் தொங்கும் இரட்டை வெப்பமானி. ஒன்றின் குமிழ் எதுவும் சுற்றாமல் இருக்கும். மற்றதில் பருத்தித் திரி சுற்றி, அதன் நுனி தண்ணீரில் கிடக்கும். திரியின் ஈரம் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். உலர்ந்தது 32 டிகிரி, ஈரமானது 26 என்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதம். நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரம் ஓடுவதற்கு நல்ல காற்று. குறைந்தால் பஞ்சு பறக்கும், இழை அடிக்கடி அறும். கூடினால் உருளையில் சுற்றிக்கொள்ளும்.

பஞ்சுக் கிடங்கிலும் இதே கவலைதான். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். எடையும் கூடவே மாறும்.

திரி அழுக்கேறினால் கணக்கு பொய்த்துவிடும். அதனால் திரியை மாற்றி, சுத்தமான தண்ணீர் ஊற்றி, வேளை தவறாமல் அளவைக் குறிக்கும் கை வேண்டும். இன்று சென்சார்கள் வந்துவிட்டன. ஆனாலும் பருத்திக்கான காற்றைப் பருத்தித் திரியே அளந்து சொல்வதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.